இருபதாம் எண்

கதவைத் திறந்ததும் யாதவி முதலில் பார்த்தது வாசலில் நின்றவன் கையில் விரிந்திருந்த மடிக்கணினியை. கண்களைப் பிறகுதான் பார்த்தாள்... மழை நேரத்து ரைன் ஆறு போல என்று நினைத்தாள். ஆறு பச்சை, கண்கள் கரும்பழுப்பு என்று உடனே திருத்திக்கொண்டாள்.

"மேல்வீட்டுக்குப் புதுசா வந்த மிதுன். இப்ப ஏதும் போட்டனீங்களோ? வேலைக்கு இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கு... நடந்துகொண்டிருந்தது. இன்டர்நெட் நிண்டுட்டுது."

"பிரிண்டர் மட்டும்தான் போட்டனான். நான் நெட்வொர்க் படிக்கிறன். எங்கட பக்கம் பிழை இருக்காது."

"அப்ப மழைதான் வெட்டினது எண்டு அவையளுக்குச் சொல்லுறன்," என்று படியேறிப் போனான்.

யாதவிக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் கணினி வகுப்பு. சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரில் அந்தப் பழைய வீட்டின் இரண்டு தளங்களுக்கும் ஒரே ரவுட்டர். அது நிலவறைச் சலவை அறையில் இருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தாள்.

ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் தானாகவே ஓர் எண்ணைக் கொடுக்கும். அவளோ பிரிண்டருக்குக் கையால் 192.168.1.20 என்று எழுதியிருந்தாள். அதை அறியாத ரவுட்டர் அதே இருபதை அவன் கணினிக்கும் கொடுத்திருந்தது. ஒரு முகவரிக்கு இரண்டு பேர். பிரிண்டர் விழித்ததும் அவன் இணைப்பு அறுந்துவிட்டது. செய்யாதீர்கள் என்று வகுப்பில் முதலிலேயே சொல்லித் தந்த பிழை.

மேலே போய்ச் சொல்லலாம். ஆனால், இவளா நெட்வொர்க் படிக்கிறாள் என்று அந்தக் கண்கள் கேட்குமே... சொல்லவில்லை. பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்தாள்.

மறுநாள் தன் பழைய ரவுட்டர் ஒன்றோடு மேலே போனாள்.

"ரெண்டு வீட்டையும் தனித்தனி சப்நெட்டா, தனித்தனி வலையாப் பிரிக்கப்போறன். எங்களுக்கு 192.168.1, உங்களுக்கு 192.168.2. இனி ஒண்டோட ஒண்டு முட்டாது."

"மதில் கட்டுறீங்கள்."

"ஓம்."

"வாசல் வைப்பீங்களோ?"

"என்னத்துக்கு?"

அவன் சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போனான். அவள் குடிக்காமலே இறங்கி வந்தாள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக ஓடியது. யாரும் கதவைத் தட்டவில்லை. மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது... அவ்வளவுதான். ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவளுக்கு இவ்வளவு வெறுமை ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த ஞாயிறு மத்தியானம், மழைக்குள் மணி அடித்தது.

"இன்டர்நெட் வேலை செய்யேல்ல," என்றான் மிதுன்.

மேலே போய் அவன் கணினியின் அமைப்பைத் திறந்தாள். அங்கே கையால் தட்டிய எண்: 192.168.1.20. மதிலுக்கு இந்தப் பக்கம் அது வேலை செய்யாது.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"ஏன்?"

"எல்லாம் சரியா ஓடினா... நீங்கள் மேல வரமாட்டீங்கள்."

யாதவி நாற்காலியைத் திரையிலிருந்து அவன் பக்கம் திருப்பினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருபோதும் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது.

"அண்டைக்குப் பிழை என்னிலதான். உங்கட எண்ணை என்ர பிரிண்டருக்குக் குடுத்திட்டன்."

"தெரியும். ஒரே எண் ரெண்டு கருவிக்கு எண்டு அண்டைக்கே திரையில காட்டினது."

"பிறகேன் பேசாம இருந்தனீங்கள்?"

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு பாத்தன்... இன்டர்வியூ திரும்ப வைச்சவை. வேலை கிடைச்சிட்டுது. இனி உங்களில கோவிக்கவும் வழியில்லை."

அவள் அந்த எண்ணை அழித்தாள். இணைப்பு வந்தது. எழுந்து கதவுவரை போனவள் அங்கேயே நின்றாள்.

"உங்கட ஃபோனைக் கீழ கொண்டு வாங்கோ. எங்கட வைஃபையில போட்டுப் பாருங்கோ."

"என்ன வரும்?"

"இருபது. உங்கட ஃபோன் முந்தி எங்கட ரவுட்டரிலதானே இருந்தது. வேற ஆருக்கும் போகாம அதை உங்களுக்கெண்டே பதிஞ்சு வைச்சிருக்கிறன்."

"எப்ப?"

"மதில் கட்டின அண்டைக்கே," என்றாள் யாதவி.