இறங்காத புருவம்

மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸிலிருந்து பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கியபோது ஜபருல்லாவுக்கு நல்ல பசி. கோட்டைமேட்டில் படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை அவருடையது. நாடக நடிகன் திருமலைசாமி வரைந்த படங்களுக்கு அளவெடுக்க வந்திருந்தார். இருபது வருஷ சிநேகிதன். சோறு போடாமல் அனுப்ப மாட்டான் என்ற நம்பிக்கை வேறு.

வாசலிலேயே அவன் மனைவி பங்காரம்மா வழிமறித்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"பாய், உள்ளே இருக்கறது யாருன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்று கிசுகிசுத்தாள். "எட்டு நாளா எம்பட பேரே அவருக்குத் தெரியலீங்க."

புருஷன் பெண்டாட்டி சண்டையாக இருக்கும் என்று ஜபருல்லா சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

பழைய வீடு. நடுப்பகலிலும் கூடத்தில் இருட்டு. தேங்காயெண்ணெயும் அரிதாரமும் கலந்த வாடை. சுவரெல்லாம் முகங்கள். ஆர்மோனியக்காரர் பாலுசாமியின் அழுமூஞ்சி, ஜபருல்லாவின் கோணல் சிரிப்பு என்று தனக்குப் பிடித்தவர்களையெல்லாம் திருமலைசாமி வரைந்து மாட்டியிருந்தான். அவன் வேலை செய்யும் விதமே தனி. ஆளை எதிரில் உட்காரவைக்க மாட்டான். கண்ணாடி முன் தான் உட்கார்ந்து, அந்த ஆளின் முகத்தைத் தன் முகத்தில் செய்து, அதைப் பார்த்து வரைவான். முடிந்ததும் கையால் முகத்தை ஒரு துடை துடைப்பான். பழையபடி திருமலைசாமி ஆகிவிடுவான்.

கடைசியாக மாட்டியிருந்தது சென்னிமலை வாத்தியார். திருமலைசாமிக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த தெய்வம். மூன்று மாதத்துக்கு முன் அன்னூரில் இரணியன் வேஷத்தோடு மேடையிலேயே விழுந்து செத்தவர். எட்டு நாளைக்கு முன்தான் வரைந்த படம். சாயம் இன்னும் காயவில்லை. அதில் வாத்தியாரின் இடது புருவம் ஏறி நின்றது.

"வாங்க பாய்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திருமலைசாமிதான். ஆனால் அவன் ஒரு நாளும் அவரைப் பாய் என்றதில்லை. மாப்ளே என்றுதான் கூப்பிடுவான்.

அவனுக்கும் இடது புருவம் ஏறியிருந்தது.

"வெளையாட்டை உட்றா மாப்ளே. மொகத்தைத் தொடச்சுக்க."

அவன் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

புருவம் இறங்கவில்லை.

நடிக்கிறானா? நடிப்பென்றால் யாருக்காக? சிநேகிதனைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் ஜபருல்லாவுக்கு ஒரு யோசனை வந்தது. போன வழியிலேயே திரும்பி வரட்டும். அவனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, கையில் தூரிகையைக் கொடுத்தார்.

"இப்ப உன்ற மொகத்தை வரை. திருமலைசாமி மொகத்தை."

அவன் வெகுநேரம் கண்ணாடியைப் பார்த்தான்.

"அந்தப் பையன் மொகம் எனக்கு மறந்துபோச்சுங்க பாய்," என்றான் மெதுவாக. "நீங்க செஞ்சு காட்டுங்க. பாத்து வரைஞ்சுபோடறேன்."

அந்தக் குழைவு ஜபருல்லாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு வழி? இருபது வருஷமாகப் பார்த்துப் பழகிய முகம். கீழுதட்டை லேசாகக் கடித்து, தலையைச் சாய்த்து, திருமலைசாமி வெட்கப்பட்டுச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்.

கண்ணாடியில் அது அச்சாகப் பொருந்தியது.

வாசற்படியில் நின்ற பங்காரம்மா, "ஏனுங்க!" என்று கதறினாள். புருஷனைக் கூப்பிடும் குரல் அது. நாற்காலியில் இருந்தவனைத் தாண்டி ஓடிவந்து ஜபருல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் பதறிப்போய் முகத்தைத் துடைத்தார்.

சிரிப்பு போகவில்லை.

'நான் ஜபருல்லா, அம்மணி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"அழுவாத பங்காரு," என்றது வாய். "நாந்தான். வந்துபோட்டேன்."