மதில் வளைவில் சிவப்புக் கட்டம்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனபோது, அவளை முதலில் வரவேற்றது வாசனைதான். ஈரம் காயாத தரைவிரிப்பு, சூடேறிய வயர், யாரோ எப்போதோ கொட்டிய காபி. ஜன்னல்களைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடியிருந்தார்கள். நட்ட நடு மதியத்திலும் உள்ளே இருட்டு. வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டு திரைகள், திரை வெளிச்சத்தில் நீலம் பாரித்த முகங்கள். வந்தவள் யாரென்று ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகளுக்குச் சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகம் வந்து சேருகிற இடம் அது. வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் கதை தெரியாது. வண்டி எல்லாவற்றையும் தானே யோசிக்கிறது என்று நம்பி, பின்சீட்டில் கால்மேல் கால் போட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆள் என்று வண்டிக்கு உறுதியாகத் தெரிந்தால் அது அவரைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும். தெரியாவிட்டால் சிவப்புக் கட்டம் போட்டு, படத்தை இங்கே தள்ளிவிடும். படத்துக்குக் கீழே மூன்று பொத்தான்கள்: ஆள், பொருள், ஒன்றுமில்லை. எட்டு நொடிக்குள் அழுத்தியாக வேண்டும். அடுத்தடுத்த நாற்காலிக்காரர் இருவருக்கும் ஒரே படம் போகும். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் வண்டி அதை நம்பும். ஒத்துப்போகாவிட்டால் திரும்பக் கேட்கும். மூன்று தடவையும் ஒத்துப்போகவில்லை என்றால் கேட்பதை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும்.

அவளுடைய ஜோடி, இருபது வருஷம் லாரி ஓட்டி முதுகு போனதால் இங்கே வந்து சேர்ந்தவர். அவருடைய பெயரே லாரிக்காரர் என்றாகிவிட்டது. முதல் நாளே அவளிடம் சொன்னார், அரைத் தூக்கத்தில் லாரி ஓட்டியபோதுகூட இவ்வளவு பயந்ததில்லையாம், இப்போது முழுத் தூக்கமும் போய்விட்டதாம். அவள் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவள் இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அக்கா வீட்டின் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில், அதற்கடியில் அவளுடைய பெட்டி. இந்த வேலை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத செய்தி. அக்கா புருஷன் டாக்ஸி ஓட்டுகிறவர். ஆளில்லாத வண்டி என்றாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் இதே பேச்சுதான்.

"ஸ்டீயரிங்க பிடிக்கக் கை இல்லாத வண்டிய எப்படி நம்புறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் சட்டையப் பிடிப்ப?" என்பார் மாமா.

"உங்க சட்டையப் பிடிச்சு மட்டும் நான் என்னத்தக் கண்டேன்?" என்பாள் அக்கா.

அக்கா மாடிப்படியில் சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் மூன்று மணிக்கு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போக வேண்டும். வேலை செய்கிறவர்களின் குடும்பத்துக்கு வண்டி இலவசம் என்று அட்டை கொடுத்திருந்தார்கள். அவள்தான் அதை வாங்கிவந்து, அக்காவின் போனில் பதிந்து, பயப்படாமல் போ என்று தைரியமும் சொன்னாள். மாமா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

இரண்டாவது வாரத்தில்தான் அது ஆரம்பித்தது.

ஊருக்கு வெளியே, அக்கா சிகிச்சைக்குப் போகிற வழியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் நீண்ட பழைய மதில், மறுபக்கம் சாக்கடை. வீடு கிடையாது, கடை கிடையாது, மரம்கூடக் கிடையாது. மதியம் மூன்றை ஒட்டி எந்த வண்டி அந்த வளைவுக்கு வந்தாலும் நின்றது. நின்று, மதிலோரத்து வெறும் காற்றைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போட்டுக் கேட்டது. கட்டம் சரியாக ஒரு மனிதனின் உயரம்.

அவள் உற்றுப் பார்த்தாள். மதிலில் பாசி இருந்தது, தரையில் ஈரம் இருந்தது, ஆள் இல்லை. ஒன்றுமில்லை என்று அழுத்தினாள். லாரிக்காரரின் பதில் அவளுக்கு முன்பே போயிருந்தது. அவர் திரையையே பார்க்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் கட்டம் மதிலைவிட்டு ஒரு முழம் விலகியிருந்தது.

நான்காம் நாள் சாலை விளிம்பில் இருந்தது. ஐந்தாம் நாள் நடுச்சாலையில். காதில் மாட்டியிருந்த கருவியில் வண்டிக்கு வெளியே இருக்கும் சத்தம் கேட்கும். காற்று, வைப்பர், அவற்றுக்கு அடியில் இன்னொன்று. ஈரத் தரையில் ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பது போல.

ஆறாம் நாள் கட்டம் திரை முழுக்க நிறைந்திருந்தது. அவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியில் மூக்கு படும்படி நிற்க வேண்டும்.

அவள் எழுந்து சூப்பர்வைசரிடம் போனாள். அவர் அவளுடைய திரைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. வெறும் ரோட்டைப் பார்த்து ஆள் என்று சொன்னால் வண்டி நிற்கும், உள்ளே இருப்பவன் திட்டுவான், அந்தத் திட்டு நேராகத் தன்னிடம்தான் வரும், வந்தால் அவள் மறுநாள் வர வேண்டாம் என்றார். நல்ல தெளிவான பதில். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் படிக்கட்டில் லாரிக்காரரைப் பிடித்தாள். அந்தப் படம் வரும்போது மட்டும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கேட்டாள். அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன மழைக்காலத்துல அங்க ஒருத்தர் நடந்து வந்தார், பாப்பா. வண்டி நின்னு கேட்டுச்சு. அது சரியாத்தான் கேட்டுச்சு."

"நீங்க என்ன அழுத்தினீங்க?"

"மதில ஒட்டி நின்னார். கறுப்புச் சட்டை. மழையில நிழல் மாதிரி இருந்துச்சு. உன் நாற்காலியில அப்ப இருந்த பொண்ணுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் ஒண்ணுமில்லைன்னுட்டோம். வண்டி எங்கள நம்பிடுச்சு."

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் இனி அந்த வண்டியில் ஏறாதே என்றாள். காரணம் சொல்ல வாய் வரவில்லை. மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேடத்துக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவளுடைய தட்டில் தன் கையாலேயே இன்னொரு கரண்டி பரிமாறினார். நாளையிலிருந்து தானே கூட்டிக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் அவருக்குத் தூரத்துச் சவாரி கிடைத்தது. வர நேரமாகும் என்று போனில் சொல்லிவிட்டார். சிகிச்சையைத் தவறவிட மனமில்லாமல் அக்கா வண்டியை வரவழைத்துக்கொண்டாள். தங்கையிடம் சொல்லவில்லை.

மூன்று மணி நான்கு நிமிடத்துக்குப் படம் வந்தது.

அதில் சாலை இல்லை. வண்டியின் உட்புறம்.

பின்சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட காலை நீட்டி, கைத்தடியை மடியில் வைத்து, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம்.

அவளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டம்.

உட்கார்ந்திருக்கும் உயரத்தில்.

அந்தக் கட்டத்துக்கு உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் சீட்டின் மெத்தை பள்ளமாக அமுங்கியிருந்தது. அவள் பார்க்கும்போதே இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

எட்டு நொடி ஓட ஆரம்பித்துவிட்டது. அவளுக்கு விதி ஞாபகம் வந்தது. ஒருவருக்கென்று வரவழைத்த வண்டியில் இரண்டாவது ஆள் இருப்பதாகத் தெரிந்தால், வண்டி ஓரமாக நின்று கதவைத் திறந்துவிடும். அக்கா இறங்கிவிடலாம். இரண்டு பேரும் ஆள் என்று சொன்னால் போதும்.

அவள் அழுத்தினாள். லாரிக்காரரின் விரல் வழக்கம்போல மூன்றாவது பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே. ஆள்னு அழுத்துங்க."

"அங்க யாரும் இல்ல, பாப்பா."

"உள்ள இருக்கிறது என் அக்கா, அண்ணே."

இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, உதடு வெளுத்துப்போயிற்று. முதல் பொத்தானை அழுத்தினார்.

சிவப்பு பச்சையானது.

வண்டி நின்றது. கதவு திறந்தது. அக்கா முகம் சுளித்து, கைத்தடியை ஊன்றி, முனகிக்கொண்டே இறங்கினாள்.

அவள் பின்னாலேயே அந்தப் பச்சைக் கட்டமும் இறங்கியது.

கதவு மூடிக்கொண்டது. படம் அணைந்தது.

அவள் உடனே அக்காவைக் கூப்பிட்டாள். எடுத்ததுமே திட்டுதான். காலொடிந்தவளைத் தூறலில் நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற வண்டிக்கா நீ சிபாரிசு செய்தாய், உன் மாமா சொன்னது அத்தனையும் சரி என்று பொரிந்து தள்ளினாள்.

"அக்கா, அங்க யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? மதில்தான் இருக்கு. ஏன்டி, அழறியா என்ன?" என்றாள்.

மாமாவைக் கூப்பிட்டாள். சவாரியை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர் பத்தே நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். அவரே கூப்பிட்டுச் சொன்னார். குரலில் வெற்றி வழிந்தது.

"ஏத்தியாச்சு. மனுஷன் ஓட்டுற வண்டியில உக்காந்திருக்கா. இனிமேலாவது நிம்மதியா வேலையப் பாரு."

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. லாரிக்காரரிடம் சொல்லலாம் என்று திரும்பினாள். நாற்காலி காலி. பையைக் காணோம். காதுக் கருவி வயரில் தொங்கி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டதாக எதிர் வரிசைப் பெண் சொன்னாள்.

அடுத்த படம் வந்தபோது நேரம் மூன்று முப்பது.

அதே மதில். அதே வளைவு. எதிர்த் திசையிலிருந்து வந்த வேறொரு வண்டி அனுப்பியது. மழை பிடித்திருந்தது. வைப்பர் துடைக்கத் துடைக்கத் தெரிந்தது மாமாவின் டாக்ஸி. அது இன்னும் அங்கேயே நின்றிருந்தது. பின்சீட்டில் அக்கா. பச்சைக் கட்டம்.

ஓட்டுநர் சீட்டிலும் பச்சைக் கட்டம் இருந்தது.

அந்தச் சீட்டில் மாமா இல்லை.

மாமா சாலையில், டாக்ஸிக்கும் மதிலுக்கும் நடுவே, நனைந்துகொண்டு நின்றிருந்தார். எதிரே வந்த வண்டியைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். ஓட்டுநர் சீட்டைப் பற்றி வண்டிக்குச் சந்தேகமே இல்லை. அதற்குச் சந்தேகம் மாமாவைப் பற்றித்தான்.

அவரைச் சுற்றி இருந்தது சிவப்பு.

அவள் ஆள் என்று அழுத்தினாள். இன்னொரு கையால் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா எடுத்தாள். இந்த முறை திட்டவில்லை, மூச்சுக்குள் பேசினாள்.

"குட்டி, இஞ்சின் ஓடலைன்னு மாமா இறங்கிப் பாத்துக்கிட்டு இருந்தார்டி. இப்ப அதுவா ஸ்டார்ட் ஆயிடுச்சு. கதவு திறக்க வரல. முன்னால..."

"முன்னால என்னக்கா?"

"ஸ்டீயரிங் திரும்புதுடி."

திரையில் இரண்டாவது பதில் வந்திருந்தது. ஒன்றுமில்லை.

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். காலி. அறையின் மறுகோடியில் சூப்பர்வைசர் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். வேறு யாரும் அந்த மேசைக்கு அருகில்கூட இல்லை.

கேள்வி திரும்ப வந்தது. ஆள் என்று அழுத்தினாள். விரல் வலிக்க வலிக்க அழுத்தினாள். காலி நாற்காலியிலிருந்து அதே பதில் வந்தது.

அவள் கத்தினாள். பத்து முகங்களும் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தன. சூப்பர்வைசர் குவளையைக் கீழே வைத்தார்.

மூன்றாவது தடவை கேள்வி வந்தது. மாமா இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முகம் இப்போது நன்றாகத் தெரிந்தது. ஒரு மனிதன் நிற்பதைப் பார்த்தால் எந்த வண்டியும் நின்றுதான் ஆக வேண்டும் என்று முழுசாக நம்புகிற முகம்.

அவள் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே பக்கத்து நாற்காலியின் பதில் வந்துவிட்டது.

ஒன்றுமில்லை.

காதுக்குள், மழைச் சத்தத்துக்கு மேலே, கேட்பதை விட்டுவிட்டு வண்டி கிளம்பியது.