குழாய் வாயில் ஒரு நட்சத்திரம்

“ஐயோ... அதைத் தொடாதீங்க!”

அவள் கத்தி முடிப்பதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது. காலையெல்லாம் படகில் அலைந்து, கழிவுநீர்க் குழாயின் வாயருகே கடலடியிலிருந்து அள்ளி வந்த கறுப்புச் சேறு, படகுத்துறை ஓரமாக வழிந்து மறுபடி கடலுக்கே போய்ச் சேர்ந்தது.

கவிழ்த்தவன் வாளியும் கையுமாகத் திரும்பினான். தூறலில் நனைந்த தலை. கழுத்தில் ஓர் அடையாள அட்டை. அதற்கு மேலே... ஓர் ஆணுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கண்கள்?

“அழுகின முட்டை நாத்தம்ங்க. யாரோ குப்பையை வச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சேன்.”

“குப்பையா? அதுதான் என் வேலை! சேத்துல இருக்கிற புழு, சிப்பி, நண்டு... எது உயிரோட இருக்கு, எது இல்லைன்னு பார்க்கிறது.”

“சாரிங்க... புழு மேடம்.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்போதுதான் அட்டையைப் படித்தாள். இன்ஜினியர். அந்தக் குழாயைக் கடலுக்குள் விட்டிருக்கும் அதே ரசாயனத் தொழிற்சாலை. வந்த சிரிப்பு அப்படியே உள்ளே போனது.

தொழிற்சாலை இரண்டாவது குழாய்க்கு அனுமதி கேட்டிருந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்பது அவள் தரப்போகும் அறிக்கையில் இருந்தது. இந்தச் சமயத்தில், வரிசையாக வைத்திருந்த வாளிகளில், குழாய் வாய்ச் சேற்றை மட்டும் ஒருவன் தெரியாமல் கொட்டுவானா?

“நாளைக்கு நானே வந்து அள்ளித் தர்றேன்.”

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தால் கண்காணிக்கலாம் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். வீட்டில் அக்காவிடமும் அதையே சொன்னாள்.

“கண்காணிக்கவா? சேத்துல கை வைக்கப் போறவளுக்குக் கண்ணுல மை எதுக்குடி?” என்றாள் அக்கா.

மறுநாள் படகு கிளம்புமுன் அவள் சல்லடையைக் கவிழ்த்துப்போட்டுக் கழுவினாள்.

“சுத்தமாத்தானே இருக்கு?”

“முந்தின இடத்து உயிர் ஏதாவது ஒட்டிட்டு வந்தா, மொத்தமும் பொய்யாயிடும்.”

அவன் பயபக்தியோடு தலையாட்டினான். இதுவும் நடிப்போ?

முதலில், குழாயிலிருந்து வெகுதூரம் தள்ளித் தெளிந்த நீருக்குப் போனார்கள். கயிற்றை அவன் இழுத்தான். இரும்புக் கவ்வி பழுப்புச் சேற்றோடு மேலே வந்தது. சலித்தபோது குட்டிச் சிப்பிகள், கண்ணாடிபோல் ஒரு நண்டு, நூல் நூலாய் ஐந்து கைகள் கொண்ட சின்னக் கடல் நட்சத்திரங்கள்...

“தொடாதீங்க, கை ஒடிஞ்சிரும்.”

“எனக்கா?”

“அதுக்கு!”

மழை பிடித்துக்கொண்டது. அவன் நனைந்த முகத்தோடு சிரித்தான். அவள் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்வையைத் திருப்பி, படகோட்டியிடம், “குழாய்ப் பக்கம் விடுங்கண்ணே,” என்றாள்.

அங்கே சேறு கறுப்பு. சல்லடை நிறையச் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன.

“இவ்வளவு உயிர் இருக்கே! அப்போ நல்ல இடம்தானே?”

“எல்லாம் ஒரே வகைப் புழு. மூச்சுக்குக் காத்தில்லாத சேத்துல இதுதான் தாங்கும். மத்ததெல்லாம் காலி பண்ணிட்டுப் போன வீட்டுல, இது மட்டும் பெருகிக் கிடக்கு.”

அவன் குழாய் இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். சலித்ததைப் போட்ட ஜாடிகளை அவன்தான் மூடினான். அதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

லேபில், உயிர்களுக்கு மட்டும் இளஞ்சிவப்பு ஏற்றும் சாயத்தை ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள். குழாய் வாய் ஜாடியைத் தட்டில் கொட்டியபோது அவள் கை நின்றுவிட்டது. புழுக்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரம். அந்தச் சேற்றில் ஒரு நாள்கூடத் தாங்காத உயிர். இது ஒன்று போதுமே... ‘பாருங்கள், எங்கள் குழாயடியில் நட்சத்திரம் வாழ்கிறது’ என்று தொழிற்சாலை தூக்கிக்காட்ட!

“என் புழுக்கள் எல்லாம் சௌக்கியமா?” குடையை மடக்கியபடி அவனே உள்ளே வந்தான்.

“இதை எப்போ ஜாடியில போட்டீங்க?”

“எதை?”

“நடிக்காதீங்க. உங்க மேல புகார் கொடுக்கப் போறேன்.”

அந்தக் கண்கள் மெல்ல மங்கின. “கொடுங்க. வேலை போனாப் போகட்டும். ஆனா ஒண்ணு... ஒரே ஒரு தடவையாவது என்னைச் சந்தேகப்படாம பார்த்திருக்கீங்களா?”

குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. பார்த்திருக்கிறாளா? ஒரு தடவை... ஆமாம், படகில், மழை தொடங்கியபோது... அதற்குப் பிறகு என்ன செய்தாள்? நேராகக் குழாய்ப் பக்கம் போகச் சொன்னாள். நடுவில்?

நட்சத்திரத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நான்கு கைகள் முழுசு. ஐந்தாவது பாதியில் ஒடிந்திருந்தது. தெளிந்த நீர்ப் பக்கத்து ஜாடியைக் கொட்டித் துழாவினாள். அடியில் ஒரு துண்டு கிடைத்தது. இடுக்கியால் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்... அச்சாகப் பொருந்தியது.

தொழிற்சாலை வாசலில் அவன் வெளியே வரும்வரை நின்றாள்.

“புகாரைக் காட்டிட்டுப் போக வந்தீங்களா?”

“இல்ல. உங்க குடை.” நீட்டினாள். “அது... சல்லடையில ஒட்டிட்டு வந்திருக்கு. நான்தான் கழுவலை.”

“நீங்களா? சுத்தமா இருந்த சல்லடையையே கழுவின ஆளு!”

“உங்க இமையில ஒரு மழைத்துளி நின்னுட்டிருந்துச்சு. விழுமா, விழாதான்னு... பார்த்துட்டே இருந்துட்டேன்.”

அவன் குடையை வாங்கினான். விரிக்கவில்லை.

“வாளியைக் கொட்டினது தெரியாமத்தான்,” என்றான் மெதுவாக. “படகுல வந்ததுதான் தெரிஞ்சே. கம்பெனி என்னை அனுப்பலை. லீவு போட்டுட்டு வந்தேன்.”

அவள் கண்களைச் சுருக்கினாள். “நிஜமா?”

“பாருங்க, மறுபடி சந்தேகம்!”

“மறுபடி அள்ளணும். முடிவு உங்களுக்கு எதிராத்தான் வரும்.”

“அந்தச் சேத்தை நானும் பார்த்தேனே. வரட்டும். கயிறு இழுக்க எப்போ வரணும்?”

“நீங்க வரக் கூடாது.”

“இன்னுமா நம்பிக்கை இல்ல?”

“உங்க மேல இருக்கு... நீங்க படகுல இருந்தா, என் மேல எனக்கு இல்ல.”

மழை வலுத்தது. “அப்போ நான் எங்கே நிக்கட்டும்?”

“கரையில.”

“எவ்வளவு நேரம்?”

அவன் இமையில் மறுபடி ஒரு துளி திரண்டது. இந்த முறை அவள் பார்வையைத் திருப்பவில்லை.

“நான் திரும்பி வர்ற வரைக்கும்.”