சிவப்புக் கோடு போட்ட டம்ளர்

"இந்த வாசப்படியத் தாண்டுன... திரும்பி வரக்கூடாது, ஆமா!"

விடிந்ததும் விடியாததுமாகக் கருப்பம்மாள் ஆரம்பித்துவிட்டாள். மருமகள் வேல்விழி தன் டம்ளரைப் பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் மாமியாரே சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு ஒதுக்கிய டம்ளர் அது.

"ஆபரேசன்ல ஏத்துன ரத்தத்துல வந்துச்சுன்ன. சரின்னு விட்டேன். அத ரோட்டுல வேற காட்டணுமா?"

"மருந்து வாங்கப் போக பஸ்ஸுக்கு வழியில்லாதவுகளுக்காக உண்டியல் ஏந்தி நடக்கோம் அத்தே... மூஞ்சிய மூடிக்கிட்டுக் கேட்டா யாரு குடுப்பாக?"

வேல்விழியின் கணவன் வெள்ளைத்துரை பாதிக் காப்பியோடு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். அவன் குடித்து மிச்சம் வைத்த காப்பியை அம்மா எடுத்துக் குடித்தாள்.

வடக்கே பட்டாசு லோடு ஏற்றிப்போன இடத்தில் நோயை வாங்கி வந்தவன் அவன்தான். 'தங்கச்சி கல்யாணம் முடியட்டும், வேலு' என்று அன்று மனைவியின் காலைப் பிடித்து அழுதான். அவள் பழியை ஏற்றாள். கல்யாணமும் முடிந்தது, தங்கைக்குப் பிள்ளையும் பிறந்தது; இந்த மனுசனுக்கு மட்டும் இன்னும் வாய் வரவில்லை. அவனுடைய மாத்திரைகள் லாரி கேபினுக்குள்ளேயே கிடந்தன.

நாரணாபுரத்திலிருந்து கிளம்பிய நடைப்பயணம் சிவகாசிக்குள் நுழைந்தபோது, கருப்பம்மாள் மகனை இழுத்துக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள்.

"ஏலே துரை, கூட்டிட்டு வாலே அவள! இன்னைக்கு மானத்த வாங்குறவ, நாளைக்கு உன்னையும் கொண்டுபோயிருவா!"

உண்டியலுக்கு நீண்ட ஒரு கை பின்வாங்கியது. வேல்விழி கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்... அப்போதும் அவள் சொல்லவில்லை! அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பாய்ந்து வந்து அவள் பிடித்திருந்த பேனரின் மறுமுனையைப் பிடித்தான்.

"அவ கொண்டுவரலம்மா... நான்தான் அவளுக்குக் குடுத்தேன்! வருசக்கணக்கா நானும் மாத்திரை முழுங்குதேன். காலையிலகூட நான் வச்ச மிச்சத்தக் குடிச்சியே... உனக்கு என்ன ஆச்சு?"

கருப்பம்மாள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேல்விழி ஓடிவந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். கோட்டைப் பார்த்ததும் கை தயங்கியது.

"இருங்கத்தே... வேற டம்ளரு வாங்கியாரேன்."

கருப்பம்மாள் அதைப் பிடுங்கினாள். அண்ணாந்துகூடக் குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தாள்.

"எம்புட்டுப் பாவம் பண்ணிட்டேன் தாயி! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தா உங்க மகனுக்கும் கோடு போட்டுருப்பீக அத்தே."

கருப்பம்மாள் மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு முந்தானையால் டம்ளரைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"முன்னால நடங்க ரெண்டு பேரும், நானும் வாரேன். வீட்டுல இனிமே இது என் டம்ளரு."