இருநூற்றுப் பன்னிரண்டு நிறுத்தங்கள்

காலைக் காப்பி குடித்த கையோடு மோனிஷா ஓர் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வருவாள். மிளகாய்ப்பழ நிறத்தில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காரின் முகத்தைத் துடைப்பாள். பிறகு துணிக்கூரையை மடக்கும் பொத்தானை அழுத்துவாள். கூரை பாதி வழியில் முரண்டு பிடித்து நிற்கும். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் வழிக்கு வந்து பின்பக்கம் மடங்கிப் படுத்துக்கொள்ளும். வண்டி வந்த இந்த இருபத்தொன்பது நாளில் அவளுக்கு முழுசாகப் பிடிபட்ட வித்தை அது ஒன்றுதான்.

"குட்மார்னிங் மேடம்," என்றது வண்டி. "நேத்து மார்க்கு சொல்லட்டா? மனசு தாங்குமா?"

"சொல்லித் தொலை."

"அம்பத்திரண்டு. ஒம்பது தபா காரணமே இல்லாம நின்னீங்க. ஒரு வளைவுல ரோட்டோட இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் போய் வந்தீங்க. நம்ம பின்னாடி எதுனா யானை கட்டி இழுத்துக்கினு வரோமா?"

வாசற்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் தரணீதரன் சிரித்துவிட்டார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். "அம்மணி, அது கேக்கறதுல தப்பே இல்ல. பதிமூணடி வண்டிய நாப்பதடியாட்டத் திருப்பறே."

அவள் என்ன செய்வாள்? பொள்ளாச்சித் தடத்தில் இருபத்திரண்டு வருஷம் அரசு பஸ் ஓட்டியவள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தே பழக்கம். இதிலோ கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்கி உட்கார வேண்டியிருக்கிறது. கை மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் இருந்தது.

வண்டி ராயபுரத்திலிருந்து வந்தது. ஏழு வருஷம் ஜோயல் என்பவரிடம் இருந்திருக்கிறது. மிதியடியை உதறினால் இன்றைக்கும் கடற்கரை மணல் கொட்டும். பேச்சும் அவருடையதுதான். வண்டிமனம் என்கிற அதன் மூளையைக் கழுவித் துடைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. பழைய வண்டி வாங்குகிறவர் அதன் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சாலைகள் தானோட்டிகளின் கைக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் குளிரூட்டிய கண்ணாடிப் பெட்டிகள், கூப்பிட்டால் வாசலுக்கே வந்து நிற்கும். பஸ்களும் போயின, பஸ் நிறுத்தங்களும் போயின. ஸ்டியரிங் பிடித்து ஓட்ட ஆசைப்படுகிறவருக்கு லைசென்ஸ் தருவது இப்போது அலுவலகம் இல்லை. அவருடைய வண்டியே தர வேண்டும். அதற்கு இசைவுக்காலம் என்று பெயர். முப்பது நாள் ஓட்டலாம். முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்கு மதிப்பெண் அறுபதைத் தொட்டிருந்தால் வண்டி இசைவு சொல்லும். அந்த ஓட்டுநரிடம் தான் கற்றதை ஊரிலுள்ள மற்ற வண்டிகளோடும் பகிர்ந்துகொள்ளும். தொடாவிட்டால் ஸ்டியரிங்கைக் கழற்றி எடுத்துப் போய்விடுவார்கள். அறுபது வயதானவர்கள் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. மோனிஷாவுக்கு அடுத்த மாதம் அறுபது.

அன்றைக்கு முப்பதாம் நாள்.

பத்தாம் நாள் வாக்கில் தரணீதரன் ஒரு யோசனை சொல்லியிருந்தார். அதன்படி ஜோயல் ஓட்டிய விதத்தின் பதிவை வண்டியிடம் கேட்டு வாங்கி அவரைப் போலவே ஓட்டிப் பார்த்தாள். "அவரு ஓட்டுனத ஏழு வருஷம் பாத்தாச்சு மேடம். நீங்க யாருன்னு காட்டுங்க," என்று சொல்லி வண்டி ஐந்து மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டது. அதிலிருந்து அவர் யோசனை சொல்வதைக் குறைத்துக்கொண்டார். இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்கயும் நிக்காத. பஸ்ஸையும் மற, ஸ்டாப்பையும் மற. பொள்ளாச்சி வரைக்கும் ஒரே ஓட்டம். எட்டு மார்க்கு வந்துரும்."

"நிக்கணும்னா நிக்கறேன்? கால் தானாப் போயி மிதிக்குதுங்க."

மதியம் மூன்றரைக்கு ஒத்தக்கால்மண்டபத்திலிருந்து கிளம்பினார்கள். தானோட்டிகள் வரிசையாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. உள்ளே இருப்பவர்கள் கண்ணாடியில் திரை இறக்கிப் படம் பார்த்துக்கொண்டோ தூங்கிக்கொண்டோ இருந்தார்கள். திறந்த காரில் மட்டும் வெயிலும் காற்றும் மில் சங்கும் சோளக்காட்டு வாசனையும் கேட்டுக் கேள்வியில்லாமல் ஏறி இறங்கின.

கிணத்துக்கடவு நிறுத்தம் இருந்த புளியமரத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினாள்.

"சோக்கா போறீங்க மேடம். அம்பத்தஞ்சு."

"பேசாத. பேசினா நின்னுருவேன்."

அடுத்த இரண்டு நிறுத்தங்களையும் தாண்டினாள். ஐம்பத்தெட்டு. பக்கத்தில் தரணீதரன் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கோவில்பாளையம் நிறுத்தத்தைத் தாண்டும்போது காற்றோடு ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க... நிறுத்துங்க..."

மோனிஷாவின் கண் தானாக இடப்பக்கக் கண்ணாடிக்குப் போனது. பழைய நிறுத்தத்தின் சிமெண்ட் மேடை மேல் ஒருத்தி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு மரப்பெட்டி. புடவைத் தலைப்பை அவிழ்த்துத் தன் தலைக்குப் போடாமல் பெட்டிக்குப் போட்டிருந்தாள்.

"போயிரு," என்றார் தரணீதரன். குரலில் தெம்பில்லை.

"மேடம், இசைவுக்காலத்துல பதிவு இல்லாத ஆளை ஏத்துனா பத்து மார்க்கு போவும். இப்பவே சொல்லிட்டேன்," என்றது வண்டி.

கால் பிரேக்கை மிதித்துவிட்டது. ஆனால் இந்த முறை காலை மட்டும் குறை சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏம்மா, வெய்யில்ல எதுக்கு நிக்கறே?"

"தேனீப்பெட்டிங்க்கா. தென்னந்தோப்புக்குக் கொண்டு போறேன். வந்த தானோட்டி உள்ள என்னமோ உயிர்ச்சரக்கு இருக்குதுன்னு பாதி வழில எறக்கி விட்ருச்சுங்க. வேற எதுவும் ஏத்த மாட்டீங்குது. இன்னும் அரை மணி நேரம் வெயில்ல நின்னா மெழுகு உருகிரும். ராணி செத்துருமுங்க."

தரணீதரன் பெட்டியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"இருக்கறது ரெண்டு சீட்டு. எனக்கும் தேனீக்கும் சின்ன வயசுலிருந்தே ஆகாது. நீ போ அம்மணி. நான் ஒரு டப்பாவக் கூப்ட்டு ஊடு போய்ச் சேர்ந்துக்கறேன்."

"ஏனுங்க, மார்க்கு..."

"மார்க்கு கெடக்குது, போ."

அந்தப் பெண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெயர் யாழினி என்றாள். வண்டி கிளம்பியது.

"மேடம், இன்னா சவுண்டு அது?"

"தேனீ."

"எத்தினி பேரு?"

"எட்டாயிரம் இருக்குமுங்க," என்றாள் யாழினி பயந்துகொண்டே.

"ரெண்டு பேர் குந்தற வண்டில எட்டாயிரத்து ரெண்டு பேரா?"

"அம்பது சீட்டுல நூறு பேர ஏத்தினவ நான்," என்றாள் மோனிஷா. "வாய மூடிட்டு வா."

தோப்பின் மண்பாதையில் வளைவுகள் குறுகலாக இருந்தன. பெட்டி அசையக் கூடாது. நின்றுகொண்டு வரும் ஆட்கள் சாய்ந்துவிடாமல் பஸ்ஸைத் திருப்புவது போல அவள் அகலமாக, மெதுவாக, வெண்ணெய் தடவியது மாதிரித் திருப்பினாள். பெட்டிக்குள் இரைச்சல் ஒருபடித்தாகவே இருந்தது. யாழினி பெட்டியை நிழலில் இறக்கி மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். ராணி பிழைத்துவிட்டது.

மணி ஐந்தே முக்கால். மோனிஷா பொள்ளாச்சி எல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். ஸ்டியரிங்கை ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். தோல் உறையில் ஜோயலின் கட்டைவிரல் தேய்த்த இடம் வழுவழுவென்றிருந்தது. தன் விரல் தேய்த்த இடம் என்று எதுவும் இல்லை. முப்பது நாளில் எப்படி வரும்?

"எவ்வளவு?"

"நாப்பத்தெட்டு."

"சரி. உன்மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. யாரு வந்து ஸ்டியரிங்கக் கழட்டினாலும் கூரையத் தட்டித்தான் மடக்கணும்னு நீயே சொல்லிரு."

வண்டி கேலியை விட்டுவிட்டுக் கேட்டது. அது அதன் சுபாவமே இல்லை.

"மேடம், ஒரு டவுட்டு. அந்த மேடைகிட்ட நமக்கு முன்னாடி நாப்பத்திமூணு தானோட்டி போச்சு. எல்லாத்துக்கும் கண்ணு கீது. அந்தப் பொண்ணு கையக் காட்டுனத எல்லாமே பாத்துச்சு. பாதசாரி, மோதாத தூரம்னு முடிவு பண்ணிக்கினு போய்ட்டுச்சு. நானா போயிருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன். நீங்க மட்டும் ஏன் நின்னீங்க?"

"கூப்ட்டாங்கல்ல? கூப்ட்டா நிக்கோணும்."

"மத்த இடத்துல யாரும் கூப்டலயே. இருநூத்திப் பன்னெண்டு தபா நின்னீங்க. ஒவ்வொரு தபாவும் லெப்ட் கண்ணாடியப் பாத்தீங்க. அதுல ஒண்ணும் இல்ல."

மோனிஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "யாராச்சும் ஓடி வருவாங்க. கிணத்துக்கடவுல டியூசன் புள்ளைங்க. தாமரைக்குளத்துல பூக்கூடையோட ஒரு அம்மா, எப்பவுமே அரை நிமிஷம் லேட்டு. சித்தெ நின்னு பாத்துட்டுத்தான் எடுக்கோணும். யாரும் வரலைன்னா அவங்க நல்லாருக்காங்கன்னு நெனச்சுட்டுப் போவேன்."

"அப்ப அது காரணம்தானே மேடம்?"

"பின்னே?"

"எனக்கு யாரும் சொல்லித் தரல." என்றது வண்டி. "நின்னதுக்குத் தபாவுக்கு ஒண்ணா பிடுங்குன மார்க்கத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் கீது. யாரும் கேட்டதில்ல, நானும் குடுத்ததில்ல. இப்ப குடுக்கறேன். அறுபதுக்கு மேல எண்ணக் கூடாதுன்னு சட்டம். இல்லாட்டி நீங்க இருநூத்தி அறுபதுல நிப்பீங்க."

மணி ஆறு. முன்பலகையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. மோனிஷா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவருக்குப் போன் போட்டாள். ஒரு வார்த்தை சொல்வதற்குள் அந்தப் பக்கம் அவர் விசில் அடித்துவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் இருவரும் கிளம்பினார்கள். கூரை வழக்கம்போல முரண்டு பிடித்து, ஒரு தட்டு வாங்கிக்கொண்டு மடங்கியது. கிணத்துக்கடவுப் புளியமரம் வந்ததும் மோனிஷா காலை வைப்பதற்குள் வண்டி தானே வேகத்தைக் குறைத்து நின்றது.

"யாரும் இல்லீங்க மேடம்," என்றது வண்டி. "போலாம், ரைட்!"

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் காதில் அந்தச் சொல் விழுகிறது. கியரைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"இதுக்கு ராயபுரத்துப் பேச்சுப் போயி கொங்குப் பேச்சு வந்துருச்சாட்ட இருக்குது," என்று தொடங்கிய தரணீதரன் பாதியில் நிறுத்தி, எதிரே கையை நீட்டினார்.

எதிர்ச்சாரியில் வந்த ஒரு தானோட்டி, அந்தப் பக்கத்து நிறுத்தம் இருந்த இடத்தில் மெல்ல நின்றது. அதன் பின்னால் வந்ததும் நின்றது. முதல் வண்டியின் திரை விலகி, கண்ணாடி ஒரு சாண் இறங்கியது. உள்ளேயிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் தலையை நீட்டினார். எதற்கு நின்றது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், எதிரே கூரையில்லாத காரில் உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார்.

"என்னங்க, ஏதாச்சும் வேணுமுங்களா?" என்று கேட்டார்.