தறிக்குழியில் புது மண்

ஜிம்மி தறிக்குழிக்குள் இறங்க மாட்டேன் என்றது. பிழைத்து எழுந்து, பால் குடித்து, பழையபடி வாலாட்டிய நாய், குழியைக் கண்டால் மட்டும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு பின்வாங்கியது. இத்தனை வருஷமும் பரசுராமன் குழியில் காலைத் தொங்கவிட்டு நெய்ய உட்கார்ந்தால் அவன் கால்மாட்டில், மிதிகட்டைக்குப் பக்கத்தில் சுருண்டு தூங்கிய நாய் அது. அவன் மனைவி அபிதகுசாம்பாளுக்கு அன்றைக்கே அது உறுத்தியது.

வந்த வினை வீட்டில் செய்த காரியத்தால்தான். பட்டுப் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியின் வாசத்துக்கு எலி வந்து இழையைக் கடிக்கிறதே என்று, மீந்த கஞ்சியில் எலி மருந்தைக் கலந்து அபிதா தறிக்கடியில் வைத்தாள். எலி தின்றதோ இல்லையோ, ஜிம்மி கிண்ணத்தைச் சுத்தமாக நக்கிவிட்டது. மூக்கில் ரத்தம், மூத்திரத்தில் ரத்தம். மாட்டு டாக்டர் சம்பந்தம் சைக்கிளில் வந்து அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறும் நாக்கும் வேட்டித் துணிபோல வெளுத்திருந்தன. ஊசி மட்டும் போதாது, வேறு நாயின் ரத்தத்தை ஏற்ற வேண்டும், நன்றாகத் தின்று வளர்ந்த நாயாகப் பிடித்து வா என்றார் அவர்.

பரசுராமன் போய்ப் பிடித்து வந்தான். குழந்தை தேவகியை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்ற அபிதாவுக்குக் கதவிடுக்கில் தெரிந்தது, செவலை நிறத்தில் இரண்டு பின்னங்கால்கள் மட்டும். பிறகு தறிக்கம்பத்தில் தொங்கிய பாட்டில். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஜிம்மிக்குள் இறங்கிய ரத்தம். ரத்தம் கொடுத்த நாய்க்குப் பால் வைத்து நிழலில் கட்டு என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். அபிதா குழந்தையோடு குழாயடிக்குப் போய்த் திரும்பியபோது அந்த நாய் இல்லை; அவிழ்த்து விட்டேன் என்றான் பரசுராமன்.

ஜிம்மி பிழைத்தது. ஆனால் அதன் கண் குழந்தையை விட்டு நகரவில்லை. இரண்டு வயசுக் குழந்தை தறிப்பக்கம் தத்திப் போனால் குறுக்கே வந்து நின்று உறுமியது. ஒரு மத்தியானம் கவுனைப் பல்லால் கவ்வி இழுத்தேவிட்டது. குழந்தை தடுக்கி விழுந்து கால் கட்டைவிரல் கிழிந்தது. அபிதா மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். ரத்தம் ஏற்றிய அன்று அவள் கேட்டதற்கு, ரத்தத்தோடு குணம் வராதும்மா என்று டாக்டர் சிரித்தது நினைவுக்கு வந்தது. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தத்தி நடக்கிற குழந்தை அவர் வீட்டில் இல்லையே.

அந்த நாய் எங்கிருந்து வந்தது என்று புருஷனைக் கேட்டாள். முள்ளிப்பட்டில் பிடித்தேன் என்றான். இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது படவேட்டு ரோட்டில் என்றான். தீபாவளிச் சேலை முடிய வேண்டிய நேரத்தில் இடுப்பு வலி என்று தறியில் உட்காராமல் இருந்தான். குழியை எட்டிப் பார்த்தாள். அடியில் புதுசாக மண் போட்டுச் சாணம் பூசியிருந்தது. சாணம் பூசுவது எப்போதும் அவள் வேலை. அவன் ஒருநாளும் சாணத்தைத் தொட்டவனில்லை.

அன்று சாயங்காலம் தருமன் வந்தான். பாவு கொடுக்கும் முதலாளி தணிகாசலத்தின் ஆள். முதலாளி வீட்டுச் செவலை நாயைக் காணோம், பார்த்தீர்களா என்று கேட்டான். பார்க்கவில்லை என்ற பரசுராமனின் கழுத்தில் வேர்வை வழிந்தது. தருமன் தெருமுனை திரும்பும்வரை அபிதா பொறுத்திருந்தாள்.

“அந்த நாய் எங்கங்க?”

“கத்திகினே இருந்திச்சி. மொதலாளி காதுக்குப் போனா நம்ம பொழப்பு போச்சி. பட்டு நூலால வாயக் கட்டி, குழியில வுட்டு பலகையப் போட்டேன். இருட்டுனதும் அவுத்து வுட்லாம்னு இருந்தேன். அப்புறம் பாத்தா அசையல.”

“மண்ணு போடறப்ப மூச்சு இருந்திச்சா?”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். சாக்கு வாங்கிவந்து தோண்டி எடுத்து ஆற்றங்கரையில் புதைத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினான்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செத்த நாயின் வன்மம் ஜிம்மியின் உடம்பில்தான் ஓடுகிறது. குழியைப் பார்த்து மிரள்வதும், தன் குழந்தையைப் பல்லால் கவ்வியதும் அதனால்தான். ஜிம்மியைத் தரதரவென்று இழுத்துப்போய் வாசல் தூணில் சங்கிலியால் கட்டினாள். அது அவள் புடவையைக் கவ்விக்கொண்டு முனகியது. உதறிவிட்டு உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டாள். குழந்தை புடவை ஏணையில் தூங்கியது. இனிப் பயமில்லை என்று மூச்சு விட்டாள்.

மழை பிடித்தது. கரண்ட் போயிற்று. தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஈரச் சாணத்தின் வாடையும் புளித்த கஞ்சியின் வாடையும் வீடெங்கும் பரவ, அவற்றுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த இரும்பைப்போல இன்னொரு வாடை மெல்ல எழுந்து வர, அவள் சமையலறையில் தீப்பெட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே ஜிம்மி குரைத்தது. சங்கிலி அறுந்துவிடும்போல இழுத்துக்கொண்டு குரைத்தது. அதற்கு நடுவே வீட்டுக்குள் ஒரு சின்னச் சத்தம்.

மிதிகட்டை இறங்குகிற சத்தம்.

தறியில் யாரும் இல்லை. மறுபடியும் இறங்கியது.

விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தாள். ஏணை காலியாக ஆடியது. குழந்தையின் கால்விரலில் சுற்றிய துணி தரையில் கிடந்தது.

தேவகி குழியின் விளிம்பில் இருந்தாள். அப்பாவைப்போலவே உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டிருந்தாள். கூச்சம் தாங்காமல் சிரித்தாள்.

“ம்மா, ஜிம்மி.”

வெளியே ஜிம்மி கதவைப் பிறாண்டியது.

அபிதா விளக்கைத் தாழ்த்தினாள். பூசிய மண் பிளந்திருந்தது. அறுந்த பட்டு நூல். அதற்கு மேல் ஒரு நாக்கு, குழந்தையின் கிழிந்த விரலை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. வேட்டித் துணிபோல வெளுத்த நாக்கு.

அவள் பார்க்கப் பார்க்க, அது நுனியிலிருந்து சிவந்துகொண்டு வந்தது.