நடுப்பாலத்தில் இணையும் போன்

கார் சாவியைக் கொடுக்கும்போது கிஷனின் முகத்தில் மலர்ச்சி என்பது பேருக்கும் இல்லை. கடலுக்கு அக்கரையில் ரூபினி வேலை செய்யும் மாக் மண்டின் தொழிற்சாலை, ஆட்களை ஏற்றிவந்த பஸ்ஸை நிறுத்திவிட்டது. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழே வாரநாளெல்லாம் ஒரு கார் சும்மா கிடக்கும்போது, கட்டிய மனைவியை வாடகைக் காரில் போ என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? வேறு வழியில்லாமல் கொடுத்தான்.

அது அவனுடைய முதல் மனைவி புஷ்பவள்ளியின் கார். டெங்கிக் காய்ச்சலில் ஒரே வாரத்தில் போய்விட்டாள். வருஷத் திதி வருவதற்குள் கிஷன் ரூபினிக்குத் தாலி கட்டிவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ரூபினி அந்தப் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்த வீட்டில், அந்த மனிதனின் மனசில், அவளுக்கென்று ஓர் இடம். நான்கு மாதமாகியும் அது கிடைத்தபாடில்லை. ஒருநாள்கூட அவன் அவளைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை.

ஓட்டத் தொடங்குவதற்கு முன் கோயிலில் பூஜை போட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஐயர் காரின் தொடுதிரைக்குக்கூடச் சந்தனம் வைத்தார். அந்தத் திரைக்குள் ஒரு பெயர் இருக்கிறதே, அதை எடுத்துவிடலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய திரை அது. காரோடு கூடவே வந்தது. வரைபடம், பாட்டு, குளிர்சாதனம், இருக்கையின் ஏற்ற இறக்கம் எல்லாம் அதற்குள்தான். ரூபினிக்கு அதன் வரைபடமும் பிடிக்கவில்லை, மலாயில் வழி சொல்லும் அந்தப் பெண் குரலும் பிடிக்கவில்லை. தன் போனை ஒயரில் மாட்டினால் அதிலுள்ள வரைபடமும் பாட்டும் திரையில் வந்துவிடும், அவளுக்கு அது போதும். ஆனால் காரைக் கிளப்பியதும் திரை முதலில் வேறொரு போனைத் தேடியது. 'புஷ்பா. தேடுகிறது.' கொஞ்ச நேரம் தேடிச் சலித்த பிறகுதான் ரூபினியின் போனை ஏற்றுக்கொண்டது.

கிஷன் சன்னலோரம் குனிந்து நின்று, "ஒன் போன மாட்டிக்க. ஆனா அந்தப் பேர மட்டும் தொடாத" என்றான்.

பினாங்குப் பாலத்தில் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. வெயில் கடலில் பளபளத்தது. இடது ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாய் ஓடின. பாலத்தின் நடுவே வந்தபோது பாட்டு நின்றது.

திரையில் அவள் வரைபடம் மறைந்தது. 'புஷ்பா. இணைந்தது.'

காருக்குள் சேற்று வாடை எழுந்தது. நீர் வற்றிய கடலோரத்தில் வருமே, அந்த வாடை. அவள் உட்கார்ந்திருந்த இருக்கை முனகிக்கொண்டே முன்னால் நகர்ந்தது. முழங்கால் டாஷ்போர்டில் இடித்தது. பாலத்தைத் தாண்டியதும் பாட்டு திரும்ப வந்தது, இருக்கை பின்னால் போயிற்று, வாடையும் அடங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் இருக்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக முன்னேறியது.

சனிக்கிழமை ஜுருவுக்குப் போனாள். அங்கே காருக்கு ஆடியோ மாட்டும் ஃபிக்ரி திரையைக் குடைந்து பார்த்துவிட்டு, இந்த சிஸ்டம் ஒவ்வொரு போனுக்கும் ஓர் ஆளைச் சேர்த்து வைத்திருக்கிறது, அந்தப் போன் வந்தால் அந்த ஆளுக்கேற்றபடி இருக்கையும் நகரும் என்று விளக்கினான். புஷ்பா குள்ளமா என்று கேட்டான். ரூபினி கல்யாண ஆல்பத்தில் பார்த்திருக்கிறாள். கிஷனின் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

திரையைக் கழற்றிவிடச் சொன்னாள். அதைக் கழற்றினால் காரே ஊமையாகிவிடும் என்றான் ஃபிக்ரி. பிறகு இருக்கைக்கு அடியில், விரிப்புக்கு அடியில், பின்பெட்டியில் எல்லாம் தேடிவிட்டு வெறுங்கையோடு நிமிர்ந்தான்.

"கக், அந்தப் போன் பக்கத்துல இருந்தாத்தான் இது கனெக்ட் ஆகும். எங்க இருக்குன்னு வீட்ல கேளுங்க" என்றான், அக்காவுக்கு மட்டும் மலாய்ச் சொல்லைப் போட்டு, மிச்சத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில்.

அன்று சாயங்காலம் கேட்டாள். கிஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னான். போன் இல்லாமல் புஷ்பா எங்கும் போகமாட்டாளாம். அதனால் அஸ்தி கரைக்கப் படகில் போனபோது, கலயத்தோடு சேர்த்துப் போனையும் துணியில் முடிந்து கடலில் விட்டுவிட்டானாம். பாலத்துக்கு அடியில்.

ரூபினி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒங்களுக்குத் தெரியுமா? நடுப்பாலத்துல அவ பேரு வரும்னு?"

அவன் எழுந்து போனான். கையைக் கழுவிவிட்டு வந்து நின்றான்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம காடிய எடுத்துக்கிட்டு எங்க போறேன்னு நெனச்ச? அந்தப் பேர ஒருதரம் பாக்கத்தான் போறேன்."

"தெரிஞ்சேதான் என்ன அதுல ஏத்தி அனுப்பினீங்களா?"

"புடிக்கலன்னா நடந்து போலா. அது அவ காடி."

அந்த ராத்திரி அவள் அழுதாள், பிறகு கோபம் அழுகையைத் தின்றுவிட்டது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாது. செத்தவள்மேல் அவளுக்கு அதுவரை இரக்கம் இருந்தது. அன்றோடு அது போயிற்று.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும், தொழிற்சாலை வாசலிலேயே காரில் உட்கார்ந்து திரையில் போன்களின் பட்டியலைத் திறந்தாள். புஷ்பா. நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். பட்டியலில் ரூபினியின் பெயர் மட்டும் மிஞ்சியது. "போதும், போய்ச் சேருக்கா" என்று வாய்விட்டே சொன்னாள். அவ்வளவு நிம்மதி.

பாலத்தில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. பொழுது சாய்ந்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. போனின் குரல் நேராகப் போகச் சொன்னது. ரூபினி நேராகத்தான் போனாள்.

நடுப்பாலத்தில் பாட்டு நின்றது.

புதிய போன் ஒன்று இணைய விரும்புவதாகத் திரை காட்டியது. 'புஷ்பா. ஏற்கவா?'

அவள் கையை எடுக்கவே இல்லை. ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருந்தாள். ஆனாலும் திரையில் 'ஆம்' என்ற இடத்தில் ஓர் ஈர விரல்தடம் பதிந்தது.

சேற்று வாடை மூச்சை அடைத்தது. இருக்கை நகர ஆரம்பித்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. முழங்கால் இடித்தது, வயிறு அழுந்தியது, நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் முட்டியது.

"பெலோக் கிரி" என்றது மலாய்க் குரல். இடது பக்கம் திரும்பு.

இடது பக்கம் கம்பித் தடுப்பு. அதற்கப்பால் கடல்.

போனின் குரல் நேராக என்றது. காரின் குரல் இடது என்றது. நேராக. இடது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்தின. பிறகு போனின் குரல் அடங்கியது. ரூபினி தன் போனை எட்டிப் பார்த்தாள். அதற்கு அவள் எப்போதும் வைத்திருந்தது ஆங்கிலம்.

"பெலோக் கிரி" என்றது அவள் போன்.

ஸ்டியரிங் தானாகவே இடப்பக்கம் இழுத்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. உடம்பின் பலத்தையெல்லாம் திரட்டி அவள் பிரேக்கை மிதித்தாள். கம்பியை உரசிக்கொண்டு கார் நின்றது. மூச்சுவிட முடியவில்லை. கதவிலிருந்த பொத்தானைத் துழாவி இடப்பக்கச் சன்னலை இறக்கினாள். போனை ஒயரோடு பிடுங்கினாள். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். தடுப்பைத் தாண்டி அது மழைக்குள் போயிற்று.

எல்லாம் ஓய்ந்தது.

இருக்கை, வேலை முடிந்துவிட்டதுபோல், மெல்லப் பின்னால் போனது.

வீட்டுக்கு வந்து, நெஞ்சில் சிவந்துகிடந்த தடிப்பைக் காட்டி, நடந்ததையெல்லாம் கிஷனிடம் சொன்னாள். காரை நாளைக்கே விற்றுவிட வேண்டும் என்றாள். அவன் தடிப்பைப் பார்க்கவில்லை.

"அவ பேர அழிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

பதில் சொல்வதற்குள் மேசையில் கிடந்த அவன் போன் அடித்தது. இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவர்கள் இருவரின் கல்யாணப் படம். அதற்குக் கீழே பெயர்.

ரூபினி அழைக்கிறாள்.

ரூபினி அவன் பக்கத்தில்தான் நின்றாள்.

"எடுக்காதீங்க" என்றாள். அவன் எடுத்தான். தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் அவளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு என்ன கேட்டதோ, அவனுக்கு மட்டுமே தெரியும். நான்கு மாதமாக அவள் பார்க்காத ஒரு முகம் அவனுக்கு வந்தது. குரல் அப்படிக் குழைந்தது.

"ம்ம்... இதோ வரேன்லா. நீ சாப்பிட்டியா?"

காதிலிருந்து போனை எடுக்காமலே சாவியை எடுத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வழியில் கிடக்கும் நாற்காலியை ஒதுக்குவதுபோல் அவளைத் தள்ளிவிட்டுப் படியிறங்கினான். கூப்பிட வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டும் என்று அவள் தன் போனைத் தேடினாள். கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் அது எங்கே இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது.

சன்னலுக்கு ஓடினாள். கீழே மழையில் கார் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது. முன்விளக்குகள் எரிந்தன. உள்ளே திரையின் நீல வெளிச்சம்.

"ஏங்க!" என்று கத்தினாள்.

கிஷன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைக் கடந்து, காரைச் சுற்றிக்கொண்டு போய், இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

கார் பின்னால் வந்து, நிதானமாகத் திரும்பி, பாலத்துப் பக்கம் போயிற்று.